தெற்கே எழும்பிய மாடிகள்

என் அண்ணனை அவன் வேலை பார்த்த குளிர்பதனக் கிடங்கில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டெஸ்டர் என்றால்தான் தெரியும். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்தியிருப்பார்கள், இவன் டெஸ்டர் குத்தியிருப்பான். கல்யாணப் போட்டோவில்கூடப் பையிலிருந்து அதன் மஞ்சள் மண்டை எட்டிப் பார்க்கிறது. "கரண்ட் இருக்கான்னு தொட்டுப் பாத்துட்டுத்தான் என்னையே கட்டினாரு" என்று அண்ணி சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அவனைப் பற்றிச் சொல்ல உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்டால், ஒன்றும் கிடையாது. எழுந்து உட்கார்ந்தவனை மறுபடியும் படுக்கையில் தள்ளியது என் வாய்தான். யார் யாரோ அதைக் கூட்டிக் குறைத்துச் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு. நடுவில் ஒரு சுவர்தான். அவன் எனக்கு இரண்டு வயது மூத்தவன். எனக்கு நாற்பத்தாறு ஆகியும் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். கட்டியவன் போன இடம் தெரியாமல் போன பிறகு, துணிக்கடைக்குச் சட்டைகளில் பொத்தான் துளை தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறேன். அண்ணி வயதில் என்னைவிடச் சின்னவள், முறையில் பெரியவள். அதனால் அண்ணி என்று கூப்பிட்டு நீ என்று பேசுவேன். அவளும் புருஷனைப் பார்த்து என்னைப் பாப்பா என்பாள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது தெரு முழுக்கத் தெரிந்த விஷயம்.

கிடங்கில் ஆட்குறைப்பு செய்தபோது அண்ணன் ஒரு பேட்டரி வண்டி வாங்கினான். மூன்று சக்கரம், பின்னால் சாமான் ஏற்றும் தொட்டி. வாங்கிய ஒரே மாதத்தில் எங்கள் குடியிருப்பில் யாருடைய ஸ்கூட்டரோ சார்ஜில் இருக்கும்போது தீப்பிடித்தது. வீட்டு மின்சாரத்தில் எந்த வண்டிக்கும் சார்ஜ் போடக் கூடாது, போட்டால் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று குடியிருப்பு அலுவலகத்தில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அண்ணன் அசரவில்லை. கிடங்கில் கழித்துப் போட்டிருந்த நாலு சோலார் பேனல்களைப் பேசி வாங்கிவந்து கூரைமேல் ஏற்றினான்.

அதிலே ஒரு சிக்கல். பேனல் ஒன்று கொடுப்பது முப்பது வோல்ட். வண்டியின் பேட்டரி நிறைய வேண்டுமானால் ஐம்பத்தெட்டு வேண்டும். கீழே இருக்கிற தொட்டியிலிருந்து மேலே இருக்கிற தொட்டிக்குத் தண்ணீர் தானாக ஏறாது, அதே கதைதான். இரண்டைத் தொடுத்துப் போட்டால் அறுபது ஆகிவிடுமே என்று நானும் என் மேதாவித்தனத்தைக் காட்டினேன்.

"நோட்டுல கூட்டினா அறுபது, பாப்பா. வெயில் ஏற ஏறப் பேனல் சூடாகி வோல்ட் இறங்கிடும். உச்சி வெயில்ல ஐம்பத்திரண்டுதான் நிக்கும். வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராமப் போயிடும்" என்றான். மூன்றைத் தொடுத்தால் பேட்டரி தாங்காது என்றும் சொன்னான். அதனால் வோல்ட்டை ஏற்றிக் கொடுக்கும் போர்டு ஒன்றை வாங்கினான். இரண்டு உள்ளங்கை அகலம் இருக்கும். ஓரத்தில் ஒரு குட்டி ஃபேன். கரண்ட் ஓடினால் மட்டும் அந்த ஃபேன் சுற்றும், ஈ பறக்கிற மாதிரி ஒரு சத்தம் வரும். போர்டை ஒரு பெட்டிக்குள் பொருத்திக்கொண்டிருந்த வாரத்தில்தான் அவனுக்குப் பக்கவாதம் வந்தது.

இடது கையும் காலும் போயிற்று. பேச்சு குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவன் படுத்தவன்தான். அண்ணி கரண்டியும் கையுமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள், அவன் வாயை இறுக்கி மூடிக்கொள்வான். என்னை விட்டுடு, என்னை விட்டுடு என்பது மட்டும் தெளிவாக வரும். எட்டு நாள் தண்ணீரும் மருந்தும்தான், அப்புறம் வற்புறுத்தினால் கொஞ்சம் கஞ்சி. வீட்டுக்கு வந்து பார்த்த டாக்டர் அண்ணியை வாசலுக்கு அழைத்துப்போய்ச் சொன்னார்: "உடம்புக்கு நான் செய்யறதைச் செஞ்சுட்டேன்மா. இனிமே அவரா இருக்கணும்னு நெனச்சாத்தான் உண்டு." அண்ணி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் வாசலிலேயே நின்று அழுதேன்.

வண்டியை விற்கத்தான் போகிறாள் என்று நினைத்தேன். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டாள். போர்டை ஜன்னலோரம் மாட்டித் தர ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தாள். மனுஷன் நல்ல மத்தியான வெயிலில் மீட்டரைப் பார்த்து, போர்டில் கரண்டைக் கூட்டிக் குறைக்கும் திருகைப் பதினாலு ஆம்பியருக்கு வைத்து, "இனிமே தொடவே வேண்டாம்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையிலிருந்து மாலை வரை சிவப்பு விளக்கு ஜோராக எரிந்தது, வண்டிக்கு ஒரு சொட்டு ஏறவில்லை. அடுத்த நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் வந்து தலையைச் சொறிந்துகொண்டு, போர்டு போயிடுச்சு என்றார்.

அப்போது கட்டிலிலிருந்து சத்தம் வந்தது. "போகல. போர்டு போகல. காலை வெயில்கிட்ட... மத்தியான வேலை கேக்குறான். மடையன்."

எங்களுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. பல நாளுக்குப் பிறகு அவன் பேசிய முதல் முழு வாக்கியம் அது, அதுவும் திட்டு. அண்ணி ஒரு நாற்காலியை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். நானும் மெக்கானிக்கும் ஆளுக்கொரு பக்கம் தாங்கி அவனை அதில் உட்கார வைத்தோம். அவன் வலது கையை நீட்டித் திருகை முழுக்கக் குறைத்தான். கொஞ்சம் பொறுத்தான். பிறகு மெதுவாக ஏற்றினான். மீட்டரின் முள் எழுந்தது. ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. அண்ணி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டாள்.

விஷயம் இதுதான். காலை வெயிலுக்கு ஐந்து ஆம்பியர்தான் கொடுக்கத் தெம்பு. அதனிடம் பதினாலு கேட்டால் பேனல் அப்படியே படுத்துவிடும். படுத்தால் தானாக எழுந்திருக்காது. கேட்பதைக் குறைத்து, அது எழுந்த பிறகு வெயிலைப் பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டும். மேகம் வந்தால் இறக்க வேண்டும், போனால் ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு ஆள் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும்.

தானே பார்த்துக்கொள்ளும் போர்டும் இருக்கிறதாம். மெக்கானிக் சொன்னார். அண்ணி கடைக்குப் போய் விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தாள். ஏன் வாங்கவில்லை என்று கேட்டேன். "அது வந்துட்டா அப்புறம் இவருக்கு என்ன வேலை?" என்றாள். அன்றைக்கு எனக்கு அவள்மேல் வந்த மரியாதை, பிறகு என் புத்தியில் நிற்கவில்லை பாருங்கள், அதுதான் என் தலையெழுத்து.

அதற்கப்புறம் அண்ணன் வேறு ஆள். போர்டின் குட்டித் திருகில் பழைய ரேடியோவின் பெரிய குமிழ் ஒன்றை மாட்டச் சொன்னான், விரலுக்கு வசதியாக. அண்ணி விடிவதற்கு முன்பே சந்தைக்குப் போய்க் காய்கறி மூட்டை ஏற்றி இறக்கி, ஒன்பது மணிக்கு வண்டியை ஜன்னலுக்குக் கீழே கொண்டுவந்து நிறுத்துவாள். சார்ஜ் ஒயர் ஜன்னல் வழியாக இறங்கும். மூன்றரை வரை சார்ஜ் ஏறும். அதன் பிறகு மாலைச் சவாரி. ஒன்பது மணிக்கு நாற்காலியில் இருக்க வேண்டும் என்பதற்காக இவன் எட்டரைக்கே முகம் மழித்து, சாப்பிட்டு முடித்துவிடுவான். ஆமாம், சாப்பிட்டான். கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். ஒருநாள் உப்பு குறைச்சல் என்று அண்ணியிடம் சண்டை போட்டான், எனக்குச் சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. சந்தோஷத்தில் இரண்டு சட்டைக்குத் துளையைத் தப்பாகப் போட்டுவிட்டேன்.

மேகத்துக்கு அவன் மேலதிகாரி என்று பேர் வைத்திருந்தான். "வந்துட்டான்டா மேலதிகாரி. ஒரு மணி நேரம் நிம்மதியா வேலை செய்ய விடறானா பாரு" என்று முணுமுணுத்துக்கொண்டே திருகை இறக்குவான். ஒரு நோட்டுப் புத்தகத்தில் மணிக்கு ஒரு தடவை ஆம்பியரை எழுதுவான். வண்டி அன்றைக்கு ஓடிய தூரத்தை அண்ணியிடம் கேட்டு எதிரே எழுதுவான். எண்பது கிலோமீட்டர் என்று அவள் சொன்னால், "இன்னிக்கு எண்பது கிலோமீட்டர் ஓட்டியிருக்கேன் பாப்பா, உக்காந்த இடத்துல" என்று என்னிடம் பீற்றிக்கொள்வான். பேச்சுக்கூட முக்கால்வாசி தெளிந்துவிட்டது. ஒரு வருடம் அப்படிப் போனது. எங்கள் வீட்டில் நல்ல காலம் என்று ஒன்று இருந்ததென்றால் அது அந்த ஒரு வருடம்தான்.

தெற்குப் பக்கம், சந்துக்கு அந்தப்புறம், தாழ்வாக ஒரு கிடங்கு இருந்தது. அதை இடித்தார்கள். குழி தோண்டினார்கள். முதல் மாடி வந்தது. எங்களுக்கு என்ன, கட்டட்டும் என்று இருந்தோம். இரண்டாவது மாடிக்குச் சாரம் கட்டியபோது அண்ணன் ஜன்னல் வழியாக அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "ஒரு மாடி ஏறினா நமக்கு நாப்பது நிமிஷம் போகும்" என்றான். அண்ணி அந்தக் கட்டடத்து மேஸ்திரியிடம் போய் எத்தனை மாடி என்று கேட்டாள். எட்டு என்றார் அவர், பெருமையாக.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பேனல்களைக் கூரையின் மறுகோடிக்கு நகர்த்தினோம். நான் ஏணியைப் பிடித்தேன், அண்ணி மேலே ஏறினாள், அவன் நாற்காலியிலிருந்து "இன்னும் கிழக்கால, இன்னும் சாய்வா" என்று கத்தினான். இரும்புக் கால் வைத்து உயரத் தூக்கினோம். மூன்றாம் நாள் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து, காற்றடித்தால் யார் பொறுப்பு என்று இறக்கச் சொல்லிவிட்டார். தலைகீழாக நின்று பார்த்தோம், ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாவது மாடி எழும்பியது. பிறகு நாலாவது. நிழல் காலையிலேயே கூரைமேல் ஏறிப் படுத்துக்கொண்டு பதினொன்றரைக்குத்தான் விலகும், மறுபடியும் இரண்டு மணிக்கெல்லாம் வந்துவிடும். அண்ணன் நிழலிலும் திருகை விடவில்லை. ஒன்றரை, இரண்டு என்று எதையாவது கறந்துகொண்டிருந்தான். ஃபேன் மட்டும் ஈனமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்தச் சமயத்தில்தான் அண்ணிக்குச் சவாரி குறைந்துபோனது. அப்படித்தான் அவள் சொன்னாள். சந்தையில் வேறு வண்டிகள் வந்துவிட்டனவாம். மூட்டைக்காகப் பத்து மணி வரை காத்திருக்கிறாளாம். "இன்னிக்கு எவ்வளவு ஓடுச்சு?" என்று அவன் கேட்டால் முப்பது, முப்பத்தைந்து என்பாள். பத்து மணிக்கு வண்டி வரும்போது பேட்டரியில் முக்கால்வாசி அப்படியே இருக்கும். மூன்றரைக்குள் இவன் இருக்கிற வெயிலில் அதை நிரப்பிவிடுவான். அவனுக்கு அதில் ஒரு குற்ற உணர்வு.

"நல்லவேளை சவாரி குறைஞ்சுது, இல்லன்னா என் வெயில் பத்தாதுன்னு மனசு நெனைக்குது பாப்பா" என்றான் ஒருநாள். "பாவி நான். நான் அப்படி நெனச்சு நெனச்சுத்தான் அவளுக்குச் சவாரி போயிடுச்சோ என்னமோ."

"போடா, உன் நெனப்புக்கு அவ்வளவு சக்தி இருந்தா அந்தக் கட்டடம் எப்பவோ விழுந்திருக்கும்" என்றேன். கோபத்தில் எனக்கு அண்ணா எல்லாம் வராது. அவன் சிரித்தான். சிரிப்பு முகத்தின் ஒரு பக்கத்தில் மட்டும்தான் வரும்.

ஆறாவது மாடிக்குத் தளம் போட்ட வாரம், தைத்த சட்டைகளைக் கடையில் கொடுத்துவிட்டுச் சந்தை வழியாக வந்தேன். மணி எட்டரை இருக்கும். எதிரே அண்ணியின் வண்டி. தொட்டி வழிய வழிய மூட்டை. என்னைக் கவனிக்கவில்லை, ஹாரனை அடித்துக்கொண்டு பறந்துவிட்டாள். சரி, இன்றைக்காவது சவாரி கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டே நடந்தேன். அரை மணி கழித்து அதே வண்டி, சந்தைக்குப் பின்னால் இருக்கும் சார்ஜ் கொட்டகையில் நின்றது. தடித்த ஒயர் குத்தியிருந்தது. அண்ணி ஓட்டும் சீட்டில் காலை மடக்கி உட்கார்ந்து, தலையைக் கம்பியில் சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள்.

கொட்டகைக்காரரிடம் கேட்டேன். "அக்காவா? தினம் வருவாங்களே. மாசக் கணக்காச்சு. ரொம்ப உழைப்பாளிங்க, சந்தையிலேயே அவங்களுக்குத்தான் லோடு ஜாஸ்தி" என்றார்.

கேட்டுவிட்டு நேராக வந்து என் மிஷினில் உட்கார்ந்திருக்கக் கூடாதா நான்? ஆற அமர ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் விளங்கியிருக்கும். எனக்கு எங்கே விளங்கியது. சவாரி இல்லை என்று பொய் சொல்கிறாள், காசை எங்கேயோ ஒளிக்கிறாள், அங்கே ஒருவன் தன்னால்தான் எல்லாம் என்று மருகிக்கொண்டிருக்கிறான் என்றுதான் என் புத்தி போயிற்று. வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன். பத்து மணிக்கு அவள் வண்டியை நிறுத்தி ஒயரை மாட்டிவிட்டு உள்ளே வரும்போது நான் அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன்.

அண்ணன் வழக்கம்போல் பென்சிலை எடுத்தான். "எவ்வளவு ஓடுச்சு?"

"எங்கங்க. இருபத்தெட்டுதான். காத்துக் கெடந்ததுதான் மிச்சம்."

"அண்ணி, கொஞ்சமாவது மனசாட்சி இருக்கா உனக்கு?" என்றேன். "தொட்டி நெறைய மூட்டையோட போனியே, நான் என்ன குருடா? கொட்டகையில தினம் சார்ஜ் போட்டுட்டு வந்து இங்க இந்த ஆளை எதுக்கு உக்கார வெச்சு வேடிக்கை பாக்குற?"

சொல்லி முடிக்கும்போதே அவள் முகத்தைப் பார்த்துவிட்டேன். வாயை மூடு என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அப்போதுதான், அந்த நொடியில்தான், எனக்கு எல்லாம் புரிந்தது. தானே பார்த்துக்கொள்ளும் போர்டை வாங்காமல் வந்தவள் அவள். சொன்னது சொன்னதுதான், அள்ளவா முடியும்.

அண்ணன் என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக எதிரே பார்த்தான். சாரத்தின்மேல் ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எந்த மாடியிலேர்ந்து?" என்று கேட்டான்.

அண்ணி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"உன்னைத்தாம்மா கேக்குறேன். எந்த மாடியிலேர்ந்து?"

"மூணாவது" என்றாள்.

அவன் நோட்டைப் பின்னால் புரட்டினான். ஒரு கையால் புரட்ட நேரம் பிடித்தது. மூன்றாவது மாடி வந்த தேதியைக் குறித்துவைத்திருந்தான், அதிலிருந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தான். "அப்போ தினம் எண்பது ஓடுற."

"தொண்ணூறுகூட ஆகும்ங்க. உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு..."

"நான் முப்பது முப்பதுன்னு எழுதியிருக்கேன்" என்றான். நோட்டை மூடினான். திருகைப் பிடித்து, மெதுவாக, முழுக்கக் குறைத்தான். ஃபேன் நின்றது. "என்னைக் கட்டில்ல விடுங்க ரெண்டு பேரும்."

விட்டோம். சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான்.

அண்ணி என்னைத் திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அன்று மாலை நானே போய், "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அண்ணி" என்றேன்.

"சொல்லியிருந்தா நீ சும்மா இருந்திருப்பியா?" என்றாள். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே, கோபமே இல்லாமல் கேட்டாள். இருந்திருக்க மாட்டேன் என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தத் தடவை அவன் வாயை இறுக்கி மூடவில்லை. என்னை விட்டுடு என்றும் சொல்லவில்லை. ஊட்டினால் அவளுக்காக இரண்டு வாய் விழுங்குவான், மூன்றாவது கடைவாயில் வழிந்துவிடும். முகத்தில் தாடி முளைத்தது. டெஸ்டர் அலமாரியில் கிடந்தது. அதே டாக்டர் வந்தார், அதையே சொன்னார், இந்தத் தடவை வாசலுக்கு அழைத்துப் போகாமல் அங்கேயே சொன்னார்.

இனிமேல் மறைக்க ஒன்றும் இல்லை, வண்டியை நாள் முழுக்க ஓட்டலாம். ஆனால் அண்ணி பத்து மணிக்குச் சவாரியை விட்டுவிட்டு வந்து வண்டியை ஜன்னலுக்குக் கீழேதான் நிறுத்தினாள். "நீ வந்து திருகுகிட்ட உக்காரு பாப்பா" என்றாள். "கரண்ட் பத்தலன்னாலும் பரவாயில்ல. அந்த ஃபேன் சத்தமாவது அவர் காதுல விழட்டும்."

நான் என் தையலை அங்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவன் செய்ததைப் பார்த்திருக்கிறேனே தவிர எனக்குக் கை வராது. ஏற்றுவேன், பேனல் படுத்துவிடும். இறக்குவேன், அரை ஆம்பியர் வரும். மணிக்கு ஒரு தடவை, "ஒண்ணு புள்ளி ரெண்டு, அண்ணா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நோட்டில் எழுதுவேன். முதுகு மட்டும்தான் தெரியும்.

பதினோராம் நாள், நண்பகலில் கொஞ்சம் வெயில் விழுந்தது. ஆசைப்பட்டுக் கூட ஏற்றிவிட்டேன். முள் விழுந்தது, ஃபேன் நின்றது. நான் எதை எதையோ திருகிக்கொண்டிருந்தேன்.

"குறை" என்றான் கட்டிலிலிருந்து.

முழுக்கக் குறைத்தேன்.

"பொறு. இப்ப ஏத்து. மெதுவா."

முள் மூன்றுக்கு வந்தது. ஃபேன் சுற்றியது. அண்ணி வாசற்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு அவன் நாலு வாய் சாப்பிட்டான். நாங்கள் இரண்டு பேரும் முட்டாள்தனமாக ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். நாளைக்கு நாற்காலிக்கு வந்துவிடுவான் என்று அண்ணி சவரக் கத்திக்குப் புது பிளேடு வாங்கிவந்தாள்.

வரவில்லை. அடுத்த வாரம் ஏழாவது மாடிக்குத் தளம் போட்டார்கள். நடுப்பகலில் விழுந்துகொண்டிருந்த வெயிலும் போயிற்று. எவ்வளவு குறைத்தாலும், எவ்வளவு பொறுத்தாலும், முள் எழுந்திருக்கவில்லை. பேனல்மேல் ஏறிப் பார்த்த அண்ணி, கையால் தடவிவிட்டு இறங்கி வந்தாள். ஜில்லென்று இருக்கிறது என்றாள்.

நான் மணிக்கொரு தடவை என்ன சொல்வது? முதல் நாள் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். அவன் அந்த இரண்டு வாயையும் விழுங்கவில்லை. மறுநாள் காலையில் அண்ணி என்னை வாசலுக்குக் கூட்டிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் என் கையைப் பிடித்ததே கிடையாது. உள்ளங்கை முழுக்கக் காய்ப்பு.

"ஏதாவது ஒரு நம்பர் சொல்லேன் பாப்பா. ஒண்ணு, ரெண்டு, எதையாவது. உனக்குப் புண்ணியமாப் போகும்."

உண்மையைச் சொல்லித்தானே இந்த வீட்டைக் கெடுத்தேன். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். மணி பன்னிரண்டு ஆகும்வரை காத்திருந்தேன். முள் பூஜ்யத்தில் கிடந்தது. திருகை இப்படியும் அப்படியும் நாலு சுற்றுச் சுற்றினேன், வேலை நடப்பது போலத் தெரியட்டும் என்று. தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"ரெண்டு புள்ளி அஞ்சு இருக்கு, அண்ணா" என்றேன். "பரவாயில்ல, ஏறுது."

எதிர்க் கட்டடத்தில் சுத்தியல் சத்தம் ஒரு நிமிஷம் நின்றது. அறை முழுக்க அமைதி. அவன் முதுகு அசையவில்லை.

"ஃபேன் ஓடலையே, பாப்பா" என்றான்.

கோபமாகச் சொல்லவில்லை. சின்ன வயதில் நான் தப்பாகக் கணக்குப் போட்டால் சொல்வானே, அந்தக் குரலில்தான் சொன்னான். நான் நோட்டில் ஒன்றும் எழுதாமல் மூடி வைத்தேன். எழுந்தால் நாற்காலி நகர்கிற சத்தம் அவனுக்குக் கேட்கும் என்று, மூன்றரை மணி வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.